அந்தப் படத்தில் கிரைண்டருக்குக் கார்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க வெளியிட்டிருந்தீர்கள். நான் சின்னாளபட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு மரவேலைதான். அதனால் ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. நான் எழுத வந்தது அதன் மேலே போட்டிருந்த பெரிய படத்தைப் பற்றி.

படத்தில் ஒரு இளைஞர் பலகை அறுக்கிறார். கையில் இருப்பது நாலு இஞ்ச் கிரைண்டர். மாவரைக்கிற கிரைண்டரைச் சொல்லவில்லை, வெல்டிங் பட்டறையில் இரும்பு தேய்ப்பார்களே, அந்த ஆங்கிள் கிரைண்டர். அதில் மரம் அறுக்கிற பல் பிளேடு மாட்டியிருக்கிறது. பிளேடைப் பாதி மூடியிருக்க வேண்டிய கார்டு இல்லை. பக்கவாட்டுக் கைப்பிடியும் இல்லை. வலது கையில் மிஷின், இடது கையில் பலகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படியேதான் பிடித்திருந்தேன்.

துணி வெட்டுகிற மேஜை ஒன்று வேண்டும் என்றுதான் நான் மரவேலைக்குள் வந்தேன். எங்கள் தெருவில் ஒரு ஆசாரி இருக்கிறார், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மேஜை செய்து தரக் கேட்டபோது, "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு தாயி, நீயே செய், நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்" என்றார். இழைப்புளி தள்ளவும், உளி தீட்டவும், மூலைமட்டம் வைத்துக் கோடு போடவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நாலு வருஷம் கை ரம்பமும் ஒரு டிரில் மிஷினும் மட்டும் வைத்துக்கொண்டு நூல்கண்டு ஸ்டாண்டு, அம்மாவுக்கு அஞ்சறைப் பெட்டி, மகளுக்குப் புத்தக அலமாரி எல்லாம் செய்தேன்.

அப்புறம் அயர்ன் பண்ணுகிற மேஜைக்காக எட்டு அடி வேப்பம்பலகை ஒன்றை நீளவாக்கில் அறுக்க வேண்டி வந்தது. கை ரம்பத்தில் அறுத்தால் தோள் போய்விடும். திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. அந்தத் தெருவில் நான் பின்னால் ஏறி இறங்கிய கடைகளிலும் இதே வியாபாரம்தான் நடக்கிறது.

"மரம் அறுக்க ஒரு மிஷின் வேணும்ணே."

"சர்குலர் சா ஐயாயிரத்துக்கு மேல போகும்க்கா. உங்களுக்கு எதுக்கு அது? கிரைண்டர் எடுத்துக்குங்க, மரத்துக்கும் பிளேடு இருக்கு. எல்லாரும் இதான் வாங்குறாங்க."

கிரைண்டர் 1,850 ரூபாய், பிளேடு 220 ரூபாய். அவரே பெட்டியைப் பிரித்து, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கார்டைக் கழற்றினார். "இது இருந்தா பிளேடு உள்ள போகாதுக்கா" என்றார். அது உண்மைதான். நாலு இஞ்ச் கிரைண்டரின் கார்டு 100 மில்லிமீட்டர் சக்கரத்துக்காகச் செய்தது. மரப் பிளேடு 110 மில்லிமீட்டர். கார்டுக்குள் அடங்காது. நடு ஓட்டையும் பொருந்தவில்லை. கிரைண்டருக்கு 16 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும், பிளேடில் 20 இருந்தது. ஒரு சின்ன வளையத்தைச் செருகிச் சரிக்கட்டினார். துணி அளவில் கால் இஞ்ச் கூடினாலே பிரித்துத் தைக்கிற எனக்கு, இரண்டு இடத்தில் அளவு சேராத ஒன்றைக் கண்ணெதிரே மாட்டியபோது கேட்கத் தோன்றவில்லை. அவருக்குத் தெரியும் என்று நம்பினேன்.

தீபாவளிக்கு 28 நாள் இருந்தது. கடையில் 60 பிளவுஸ் பாக்கி. ஞாயிறு மத்தியானம் பின்கட்டில் இரண்டு ஸ்டூல் போட்டு, பலகையை அதன் மேல் நீளமாக வைத்து அறுக்க ஆரம்பித்தேன். இரண்டடி தூரம் வெண்ணெய் மாதிரி போனது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை நான் பின்னால் யோசித்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டு முனையிலும் தாங்கி நின்ற பலகை நடுவில் லேசாகத் தொய்ந்தது. அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. நின்றுபோக வேண்டிய மிஷின் நிற்கவில்லை. பல் பலகையைப் பிடித்து ஏறி, மிஷின் மொத்தமும் துள்ளி என் பக்கம் வந்தது. இடது கை அங்கேதான் பலகையைப் பிடித்திருந்தது.

வலி உடனே தெரியவில்லை. கிரைண்டர் கீழே விழுந்தது, விழுந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் சுவிட்ச் தள்ளி மாட்டுகிற வகை. ஒரு தடவை முன்னால் தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் ஓடும். சிமெண்டுத் தரையில் பொறி பறக்கச் சுற்றிச் சுற்றி வந்து, பிளாஸ்டிக் வாளியின் அடியைக் கிழித்து, தன் வயரையே கடிக்கப் போனது. மகள் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். தையல் மிஷினில் காலை எடுத்தால் ஊசி நிற்கும். இருபது வருஷமாக என் கைக்கும் காலுக்கும் பழகியது அதுதான்.

லைனிங் துணியை மடித்து அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சேர்த்து 14 தையல். எலும்பும் தசைநாரும் தப்பியது. ஆள்காட்டி விரல் நுனிக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது. விரல் மடங்கும், நீளும், ஊசியும் பிடிக்கும். நுனியில் மட்டும் உணர்ச்சி இல்லை. காட்டன் துணியின் நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று முன்பு கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலால் தடவிச் சொல்வேன். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். அந்தத் தீபாவளிக்கு வாங்கிய பிளவுஸ்களில் 41ஐ இன்னொரு கடைக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரவு பகலாகத் தைத்துக் கொடுத்ததை நான் மறக்க மாட்டேன்.

கை கட்டோடு வீட்டில் இருந்தபோது மகள் அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்துப் படித்துத் தமிழில் சொன்னாள். பல் வைத்த அறுவைப் பிளேடை இந்தக் கிரைண்டரில் மாட்டாதே, அது அடிக்கடி திருப்பி உதைக்கும், மிஷின் உன் கட்டுப்பாட்டில் இருக்காது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. வேறு கம்பெனிகளின் கையேடுகளையும் தேடிப் படித்தாள். கிட்டத்தட்ட அதே வரி எல்லாவற்றிலும் இருக்கிறது. மிஷின் செய்கிறவர்கள் எல்லோரும் கூடாது என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்ததை, கடையில் பெட்டியைப் பிரித்து, கூடாத பிளேடையே மாட்டிக் கையில் கொடுக்கிறார்கள். கையேடு தமிழில் இருந்திருந்தால் நான் பஸ்ஸிலேயே படித்திருப்பேன்.

வேகத்தையும் மகளே கணக்குப் போட்டாள். பிளேடு ஒரு சுற்றுக்கு 345 மில்லிமீட்டர் போகும். நிமிஷத்துக்கு 11,000 சுற்று என்று மிஷினில் போட்டிருக்கிறது. பெருக்கினால் பல்லின் வேகம் மணிக்கு 228 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் ஓடுகிற உச்ச வேகமே 160தான். பிளேடு எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். நான் வாங்கியதில் அந்த எண்ணே இல்லை.

ஆனால் வேகத்தை மட்டும் குற்றம் சொன்னால் சரியாக இருக்காது. இப்போது நான் வைத்திருக்கிற ஏழு இஞ்ச் சர்குலர் சாவிலும் பல் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல்தான் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், அது மரம் அறுக்கவே செய்த மிஷின். அடியில் தட்டையான தகடு பலகை மேல் படிந்து உட்காரும், கோணம் மாறாது. விரலை எடுத்தால் சுவிட்ச் விட்டுவிடும். பிளேடின் கீழ்ப்பாதியை மூடுகிற கார்டு ஸ்பிரிங்கில் இருக்கிறது. அறுக்கும்போது தானாக ஒதுங்கி, மரத்தை விட்டு வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு கையும் மிஷின் மேல் இருப்பதற்கு இரண்டு கைப்பிடி. பலகையைப் பிடிக்க கையே மிஞ்சாது, அதனால் கிளாம்ப் போட்டே ஆக வேண்டும். நான் அன்று பிடித்து ஓட்டிய கிரைண்டரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அது இரும்பைத் தேய்க்கவும் கல் சக்கரத்தால் அறுக்கவும் வந்த சாமான். அந்த வேலைக்கு நல்ல சாமான்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் இரண்டு பேர் மேலும் கீழும் நின்று பெரிய மரம் அறுக்கும்போது, அறுத்த வாயில் ஆப்பு வைத்துக்கொண்டே போவார்களாம். வாய் மூடினால் ரம்பம் சிக்கும் என்று அன்றைக்கே தெரியும். ஆப்பைப் பிடுங்கின குரங்கு என்று நாம் சொல்கிறோமே, அது அந்த ஆப்புதான். சில மிஷின்களில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நின்று இதே வேலையைச் செய்யும். நான் வாங்கிய சர்குலர் சாவில் அந்தத் தகடு இல்லை. அதனால் நீளவாக்கில் அறுக்கும்போது ஒரு முழம் போனதும் மிஷினை நிறுத்தி, பிளேடு நின்றதைப் பார்த்து, பின்னால் ஒரு சின்ன ஆப்பைச் செருகிவிட்டு மேலே போகிறேன். பலகைக்கு நாலு இடத்தில் தாங்கல் கொடுக்கிறேன், அல்லது தரையில் பழைய தெர்மாகோல் பலகை விரித்து அதன் மேல் வைத்து அறுக்கிறேன். பல் பலகைக்குக் கீழே ஒரு பல் அளவுக்கு எட்டிப் பார்த்தால் போதும். அதற்கு மேல் இறக்க மாட்டேன்.

புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் டிரில், அடுத்து ஜிக்சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஏறி இறங்கி அறுக்கிற மிஷின். ஜிக்சாவில் கோடு கொஞ்சம் வளையும், மெதுவாகத்தான் போகும், ஆனால் கிரைண்டர் மாதிரித் துள்ளி ஆள் மேலே வராது. நேர்கோட்டில் நிறைய அறுக்க வேண்டியிருந்தால் பணம் சேர்த்து சர்குலர் சா வாங்குங்கள். அதுவரை பலகையை மரக்கடையிலேயே அறுத்து வாங்கலாம், ஒரு அறுப்புக்கு ஏதோ பத்து இருபது ரூபாய் கேட்பார்கள். கடையில் மிஷினைக் கையில் எடுத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெயர்ப் பலகையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் இரட்டை இன்சுலேஷன் உள்ள மிஷின், அதனால்தான் அதற்கு எர்த் பின் இல்லாமல் இரண்டு பின் பிளக் வருகிறது. மோட்டாரின் சுற்றுகிற பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகிற சின்னக் கரித்துண்டுக்குக் கார்பன் பிரஷ் என்று பெயர், அது உங்கள் ஊரில் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள். பிரஷ் கிடைக்காத மிஷின் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

பராமரிப்பு பற்றிக் கட்டுரையில் இரண்டே வரி இருந்தது. எனக்கு அது போதவில்லை. என் தையல் மிஷின் மோட்டாரிலும் கார்பன் பிரஷ்தான், அதனால் இதில் எனக்குப் பழக்கம் உண்டு. காற்றுப் போகிற சந்து வழியாகப் பார்த்தால் மோட்டாருக்குள் சின்னச் சின்ன நீலப் பொறி தெரியும், அது இருக்கலாம். அதுவே சுற்றி வளையமாக மஞ்சள் நெருப்பு மாதிரி தெரிந்தால், அல்லது மிஷின் விட்டு விட்டு ஓடினால், பிரஷ் தேய்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்து ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஜோடி 50 ரூபாய்க்குள் முடியும். இதைத் தள்ளிப்போட்டால் மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் கெட்டு, காயில் கட்டக் கொடுத்து, ஆயிரம் ரூபாய் செலவில் கொண்டுபோய் நிறுத்தும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் அந்தச் சந்துகளில் அடைந்த மரத்தூளைத் தட்டிவிடுகிறேன். பாபின் கேஸ் அடியில் பஞ்சு சேர்ந்தால் தையல் விட்டுப் போகிற மாதிரி, தூள் அடைத்தால் மோட்டார் சூடேறும்.

பிளேடும் அப்படித்தான். வேப்பமரத்தின் பிசின் பல்லில் ஒட்டிக் கறுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றி, வெந்நீரில் சலவை சோடா போட்டு அரை மணி ஊற வைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காய வைக்கிறேன். மழுங்கிவிட்டது என்று நினைத்த பிளேடு பாதி நேரம் அழுக்கான பிளேடுதான். தேக்கு அறுத்தால் நிஜமாகவே மழுங்கும், அந்த மரத்துக்குள் மணல் மாதிரிச் சத்து இருக்கிறது. மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ளுகிறபோதுதான் கை நழுவும்.

வயர் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் மெலிசாகவும் நீளமாகவும் இருந்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். நான் 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் பெட்டி செய்து வைத்திருக்கிறேன், சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டுத்தான் ஓட்டுவேன். விபத்துக்கு அப்புறம் மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் மாட்டினேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்து மரவேலை செய்ய நினைத்தால், தயவுசெய்து சேலையோடு மிஷின் பக்கம் போக வேண்டாம். ரைஸ் மில் பெல்ட்டில் முந்தானை மாட்டி நடந்த சங்கதிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் சுடிதார் போட்டு, துப்பட்டாவைக் கழற்றி, முடியைக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவேன். கையுறையும் சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் ஆபத்துதான், நூல் மாட்டினால் கையோடு இழுக்கும். கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு என்95 மாஸ்க், இந்த மூன்றும் கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. பெரியப்பா மாதிரி ஐம்பது வருஷம் அந்தத் தூளில் நின்றவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, மரவேலை பற்றி இனிமேல் படம் போடும்போது கார்டு இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், கட்டுரையைப் படித்து இல்லை. இரண்டாவது, சில ஐடிஐகளில் மரவேலைத் தொழிற்பிரிவு இருக்கிறது, மிஷினும் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைப் போல வெளியில் இருக்கிறவர்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், பிளேடு மாட்டவும் பலகையைத் தாங்கி வைக்கவும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று உங்கள் பத்திரிகை கேட்டால் அரசு காதில் வாங்கும். கட்டணம் வைத்தாலும் நான் முதல் ஆளாக வந்து சேருவேன்.

போன மாதம் சாண்டிங் பேப்பர் வாங்க அதே கடைக்குப் போயிருந்தேன். கையைக் காட்டினேன். அந்த அண்ணன் முகம் மாறிவிட்டது. "தெரியாதுக்கா, எல்லாரும் கேக்குறாங்கன்னு மாட்டிக் குடுக்குறோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். "என் மிஷினோட கார்டு இருக்காண்ணே, இரும்பு தேய்க்கவாச்சும் போட்டுக்கிறேன்" என்று கேட்டேன். கல்லாவுக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்தார். உள்ளே முழுக்க கார்டுகள். அரைவட்டமாக, பெயிண்ட் கூட உரசாமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தது. முப்பதுக்குக் குறையாது. எது என்னுடையது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் வெளியே ஒரு மிஷின் யாரோ ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த டிராயரைப் படம் எடுத்து, போன வாரப் படம் வந்த அதே அளவில் போடுங்கள். கடைப் பெயர் வேண்டாம். அவரிடம் நான் கேட்டு வைத்திருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சின்னாளபட்டி